எண்ணெய் வைக்காத தலை

காலை ஏழரை மணிக்குத் தபீதாள் ஒரு குடம் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போவாள். அங்கே தரையோடு தரையாக ஒரு சிமெண்டு மூடி இருக்கும். அதைத் தள்ளிவிட்டுக் குடத்துத் தண்ணீர் முழுவதையும் உள்ளே ஊற்றிவிட்டுத் திரும்புவாள். அந்த இடத்தில் செடியும் கிடையாது, கொடியும் கிடையாது.

வாட்ச்மேன் சவுரிமுத்துவுக்கு இது தினசரி வேடிக்கை. "இன்னாம்மா தபீதா, இன்னிக்காவது ஏதாவது மொளைச்சுதா?" என்று கேட்பார்.

"உங்களுக்கு மூளை மொளைக்கட்டும்னுதான் ஊத்துறேன் அண்ணே," என்பாள் அவள்.

மனநோய் வார்டு ஜன்னலிலிருந்து இதைப் பல நாள் கவனித்த ஒரு நோயாளி, ரவுண்டு வந்த டாக்டரிடம் ரகசியமாகக் கேட்டாராம்: "அந்தப் பொண்ண மட்டும் ஏன் சார் வெளிய வுட்டு வெச்சிருக்கீங்க?"

விஷயம் இதுதான். குரோம்பேட்டையில், ரயில் பாதைக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு 1966-ல் கப்பலில் ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே மூளையின் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரையும் இ.இ.ஜி. மிஷின். ஒரு டார்ச் லைட் செல்லின் சக்தியை முப்பதாயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுதான் மூளையிலிருந்து தலையின் மேல்தோலுக்கு வந்து சேருகிறது. அவ்வளவு சன்னமான மின்சாரத்தைப் பிடிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் ஃபேன் சுற்றினாலும் ஆகாது. அடுத்த வருஷம் தாம்பரம் பாதையில் ரயிலுக்குப் புது மின்சாரம் விட்டபோது, எட்டுப் பேனாவும் சேர்ந்து சீப்புப் பல் மாதிரி வரைய ஆரம்பித்தன. எல்லோரும் மிஷின் கெட்டுப்போனதாகச் சொன்னார்கள். தபீதாள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மின்சார ரயில்களைப் பழுதுபார்க்கும் கார் ஷெட்டில் ஒயர்மேனாக இருந்த அண்ணன் சாலமோனைக் கேட்டாள். அவன் வந்து பார்த்துவிட்டு, "எர்த் சரியில்லை, கரண்டு மண்ணுல இறங்கலை. குழி வெட்டி உப்பும் கரியும் போடணும். காயவிடக் கூடாது," என்றான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அவனே வெட்டிக் கொடுத்தான், சீப்புப் பல்லும் மறைந்தது. அன்றுமுதல் அந்தக் குழியை அவள் ஒருநாளும் காயவிட்டதில்லை.

அவளை அந்த மிஷினில் யாரும் நியமிக்கவில்லை. கடப்பேரியில் ஒரு பள்ளிக்கூடப் பியூனின் மகள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்டு, வெளிநோயாளிச் சீட்டு எழுதும் கிளார்க்காகச் சேர்ந்தவள். மிஷினைப் பொருத்த வந்த கம்பெனிக்காரர், "கையெழுத்து நல்லா இருக்கிறவங்க யாராவது ஒயர் பேரையெல்லாம் எழுதிக்குங்க," என்றதும், அவளை அனுப்பினார்கள். அவர் நான்கு நாள் இருந்தார். அவள் நாற்பது பக்கம் எழுதினாள். அவர் கிளம்பிப் போனபிறகு, மிஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் யார் என்று பார்த்தால், சீட்டு எழுதுகிற பெண் ஒருத்திதான் தெரிந்துவைத்திருந்தாள்.

தையல்காரர் டேப்பை வைத்துத் தலையை அளந்து, முடியை வகிர்ந்து, பசை தடவி, வெள்ளித் தகடுகளை ஒவ்வொன்றாக ஒட்டுவாள். அரைமணி நேரத்தில் பத்து வினாடிக்கு ஒரு பக்கமாக நூற்றெண்பது பக்கம் மடிப்பு மடிப்பாக வந்து விழும். அந்த நேரம் முழுவதும் அவள் கண் நோயாளியின் மேலேயே இருக்கும், கை பென்சிலில் இருக்கும். 'இருமினார்.' 'கண் சிமிட்டினார்.' 'ரயில்.' 'சவுரிமுத்து கதவைத் திறந்தார், திட்டினேன்.' எல்லாவற்றையும் அந்தந்த இடத்திலேயே ஓரத்தில் எழுதிவிடுவாள். பேனா ஏன் துள்ளியது என்று காகிதத்துக்குத் தெரியாது, அறையில் இல்லாத டாக்டருக்கும் தெரியாது. இந்தப் பழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

1971-ஆம் வருஷம், ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பொழிச்சலூரிலிருந்து கங்கையம்மாள் தன் மகள் சாமுண்டீஸ்வரியை இ.இ.ஜி. படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. பெருங்களத்தூரில் கட்டிக்கொடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. திடீர் திடீரென்று நடுக்கூடத்தில் நின்று, "சோறு தீயுது, எறக்குங்க!" என்று கத்துவாளாம். அடுப்பே மூட்டியிருக்காது. பிறகு எங்கேயோ வெறித்துப் பார்த்துக்கொண்டு புடவைத் தலைப்பைப் பிசைவாளாம். கூப்பிட்டால் காது கேட்காது. சற்று நேரம் கழித்துக் கேட்டால், தான் எதுவும் செய்யவில்லை என்று சாதிப்பாளாம். மாமியார் வீட்டில் பைத்தியம் என்று சொல்லிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். முந்தின வாரம் அவளைப் பார்த்த டாக்டர் வைத்தீஸ்வரனும் மனச்சிதைவாக இருக்கலாம் என்றுதான் நினைத்தார். அடுத்த திங்கட்கிழமை அட்மிட் செய்து ஷாக் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் புருஷன் துளசிங்கம் வருவான். 'புத்தி சரியில்லை' என்று டாக்டர் எழுதிய காகிதம் ஒன்றை வாங்கிப்போய், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வைத்துத் தாலியைத் திருப்பி வாங்கிவிடுவதாகப் பேச்சு.

பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்ததும் தபீதாளுக்குத் திக்கென்றது. தலையில் விளக்கெண்ணெய் வழிந்து புருவம்வரை வந்திருந்தது.

"சீயக்காய் போட்டுக் குளிச்சு, எண்ணெய் வைக்காம வரணும்னு சீட்டுல எழுதிக் கொடுத்தேனே அம்மா?"

"குளிப்பாட்டத்தான் செஞ்சேன்," என்றார் கங்கையம்மாள். "அப்பால ரோசன பண்ணேன். கரண்டு வெக்கிற எடத்துக்குக் காஞ்ச தலையோட எந்தத் தாயாவது இட்டாருவாளா? ஏற்கெனவே கொதிக்கிற தலை. அதான் கெளம்பும்போது அரைப்படி வெச்சு அழுத்திட்டேன்."

அன்றைக்குப் படம் எடுக்காமல் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் டாக்டர் பன்னிரண்டு மணிக்குள் கேட்டிருந்தார். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் துடைத்து ஒட்டினாள். தகடுகள் வழுக்கின, கோடுகள் படகு மாதிரி ஆடின. அது அவள் செய்த தவறு, பின்னாளில் அவளே பலமுறை அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் வைத்தீஸ்வரன் நல்லவர், ஆனால் அவசரக்காரர். காகிதத்தைச் சீட்டுக்கட்டு மாதிரிப் புரட்டினார். "எண்ணெய்த் தலை. இதுல ஒண்ணும் சொல்ல முடியாது."

"எழுபத்துநாலாம் பக்கம் சார்," என்றாள் தபீதாள்.

அங்கே இடது காதுக்கு மேலே இருந்த தகட்டின் கோட்டில் முள் மாதிரி ஒரு துள்ளல் இருந்தது. நூற்று இரண்டில் ஒன்று, நூற்று ஐம்பதில் ஒன்று. மூன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் 'உதடு சப்பினாள்' என்று எழுதியிருந்தது.

"இது என்னன்னு சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை சார். நடந்ததை எழுதியிருக்கேன். மூணு தடவையும் அதே பேனா."

"எண்ணெயில வழுக்கின தகடும் அதே பேனாவுலதான் ஆடும், மிஸ் தபீதாள்."

அது நியாயமான பேச்சு. "அப்ப எண்ணெய் இல்லாம ஒரு தடவை எடுத்துடலாமா சார்? ராத்திரி கண் முழிச்சுட்டு வந்தா இங்க தூங்கிடுவா. தூக்கத்துல இன்னும் தெளிவா வரும்."

"காகிதம் எத்தனை கட்டு இருக்கு?"

"நாலு சார்." அடுத்த கட்டு எந்தக் கப்பலில் வருமோ, அது யாருக்கும் தெரியாது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை எட்டு மணி. ஒரே தடவை. அதுலயும் எண்ணெய் வந்தா, நான் எழுத வேண்டியதை எழுதிடுவேன்."

இன்னொரு சீட்டு எழுதிக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை என்று தபீதாளுக்குத் தெரிந்துபோயிற்று. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் பம்மல்வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து வயல் வரப்போடு பொழிச்சலூருக்கு நடந்தாள். தலைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கைப்பையில் ஒரு பொட்டலம் சீயக்காய் இருந்தது.

கங்கையம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா ஒரு தபா கரண்டு வெச்சதே போதும். அதுக்கப்புறம் புள்ள ரெண்டு நாளா சரியா சாப்புடல."

"அந்த மிஷின் கரண்டு வைக்காது அம்மா. உங்க கிணத்துல கயிறு விட்டுத் தண்ணி எவ்வளவு ஆழம்னு பாக்குறீங்க, அதனால கிணத்துக்கு ஏதாவது ஆகுதா? அது மாதிரிதான். தலையில இருக்கிறதைப் பாக்கும், அவ்வளவுதான்."

"நீ படிச்ச பொண்ணு, நல்லா பேசுற. தலை யாரோட தலை?"

தபீதாள் தன் கொண்டையை அவிழ்த்து, குனிந்து, வகிட்டை விலக்கிக் காட்டினாள். ரூபாய் நாணயம் அளவுக்கு அங்கங்கே முடி மெலிந்திருந்தது. "தினமும் காலையில மிஷின் சரியா இருக்கான்னு முதல்ல என் தலையிலதான் பசை தடவி ஒட்டிப் பாக்குறேன். அஞ்சு வருஷமா. இதோ நிக்கிறேன் பாருங்க."

கங்கையம்மாள் கிட்டே வந்து, ஒவ்வொரு இடமாக விரலால் தொட்டுப் பார்த்தார். "அய்ய, பொம்பள புள்ள, முடிய இப்பிடி பாழாக்கி வெச்சிருக்கியே!" என்றார். சாமுண்டி கதவோரம் நின்று சிரித்துவிட்டாள். அந்தப் பெண் சிரித்துத் தபீதாள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சரி," என்றார் கங்கையம்மாள். "நாளைக்கி மொதல்ல என் தலையில வெய்யி. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா புள்ளைக்கி வெய்யி."

"அப்ப உங்களுக்கும் சீயக்காய் உண்டு," என்றாள் தபீதாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக் குழாயடியில் நடந்த கூத்தைச் சவுரிமுத்து ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். தாயும் மகளும் வரிசையாக உட்கார்ந்திருக்க, தபீதாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு தலையையும் தேய்த்தாள். மகள் தலை சீக்கிரம் விட்டுக்கொடுத்தது. அம்மா தலையில் ஐம்பது வருஷத்து எண்ணெய்.

"பொறுமையா தேயி எம்மா, மண்ட கழண்டு வந்துரும் போல கீது!"

"இன்னும் ஒரு தடவை போட்டாத்தான் போகும் அம்மா."

"பொண்ணு பாக்க வந்தப்பகூட என்ன இப்பிடி ஒருத்தரும் தேய்க்கல."

ஏழே முக்காலுக்குக் கங்கையம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாலே தகடு, நாலு பேனா. கண்ணைத் திறக்கச் சொன்னதும் பேனா எகிறியது. மூடச் சொன்னதும் கோடு நெளிநெளியாக ஓடியது. திறந்து, மூடி, திறந்து, மூடி, அவரே பத்துத் தடவை செய்து பார்த்தார். "அட, நான் இமைச்சா அது இமைக்கிது!" என்று எழுந்து, மகளை நாற்காலிக்குத் தள்ளினார். "குந்துடி. ஒண்ணும் பண்ணாது."

இரவு முழுவதும் பக்கத்து வீட்டுப் பெண்களோடு தாயம் ஆடிக் கண் விழித்திருந்த சாமுண்டி, ஐந்தாவது நிமிஷத்தில் தூங்கிப்போனாள். அறை நிசப்தமாயிற்று. பேனாக்கள் காகிதத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. இப்போது கோடுகள் ஆடவில்லை, நூல் பிடித்த மாதிரி ஓடின. எட்டு முப்பத்தொன்றுக்கு இடது காதுக்கு மேலே இருந்த தகட்டில் ஒரு முள். எட்டு முப்பத்துமூன்றில் இன்னொன்று. பிறகு கொத்துக் கொத்தாக வந்தன. செவ்வாய்க்கிழமை பார்த்த அதே இடம், அதே பேனா. தபீதாள் ஒவ்வொன்றுக்கும் நேரத்தை எழுதினாள்.

எட்டு ஐம்பத்திரண்டுக்குச் சாமுண்டி கண்ணைத் திறந்தாள். "சோறு தீயுது," என்றாள். "எறக்குங்க."

அடுத்த கணம் இடப்பக்கத்துப் பேனாக்கள் நான்கும் ஒன்றாகக் கிளம்பின. பெண்ணின் பார்வை சுவரில் நிலைத்துவிட்டது. உதடுகள் எதையோ மெல்லுவது போல அசைந்தன, விரல்கள் தலைப்பைப் பிசைந்தன. தபீதாள் இடது கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், வலது கையால் எழுதினாள். நாற்பத்தாறு வினாடி. பேனாக்கள் மெல்ல அடங்கின. கங்கையம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அக்கா," என்றாள் சாமுண்டி, விழித்துக்கொண்டு. "நான் தூங்கிட்டனா?"

ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார். படம் எடுப்பவர் 'இது இன்ன நோய்' என்று சொல்லக் கூடாது, அது அவள் வேலையில்லை. காகிதக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் வழக்கம்போலப் புரட்ட ஆரம்பித்தார். பிறகு புரட்டுவது நின்றது. ஒவ்வொரு பக்கமாகப் போனார். செவ்வாய்க்கிழமைக் கட்டை எடுத்துவரச் சொல்லி, எழுபத்துநாலாம் பக்கத்தைப் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எண்ணெய் இல்லை," என்றார் கடைசியில். அப்புறம் அவளை நிமிர்ந்து பார்த்து, "நான்தான் வழுக்கிட்டேன்," என்றார்.

பத்து மணிக்குத் துளசிங்கம் அவன் அம்மா தாயாரம்மாளோடு வந்தான். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா. கையெழுத்து வாங்கத் தயாராகவே வந்திருந்தான். டாக்டர் அவர்களை உட்காரவைத்து, இது பைத்தியம் இல்லை, வலிப்பில் ஒரு வகை என்றார். தாயாரம்மாள் நம்பவில்லை.

"வலிப்புன்னா கீழ வுழுந்து கைகால் இழுத்துக்குமே சார்? இவ நின்னுகினே கத்துறா. சோறு தீயலயே சார், அடுப்பே பத்த வெக்கலயே! பொய்யா சொல்றா?"

"எல்லா வலிப்புலயும் விழ மாட்டாங்கம்மா. மூளையில வாசனை தெரியிற இடத்துக்குப் பக்கத்துல மின்சாரம் கிளம்பினா, இல்லாத வாசனை வரும். மாத்திரை இருக்கு. ஒழுங்கா சாப்பிட்டா நிறையப் பேருக்கு அடங்கிடும்."

துளசிங்கம் கோடுகளைக் குனிந்து பார்த்தான். ஒன்றும் புரியவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் அதுவரை தன் அம்மாவின் பின்னால் நின்றிருந்த சாமுண்டி, மேசைக்கு அருகில் வந்தாள். அவள் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். கோட்டை அவள் பார்க்கவில்லை, ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தைப் பார்த்தாள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"'எட்டு ஐம்பத்திரண்டு. சோறு தீயுது, எறக்குங்க என்றாள். இங்கே அடுப்பு இல்லை. கூப்பிட்டேன், காது கேட்கவில்லை. நடிப்பு இல்லை.'"

விரல் அந்தக் கடைசி வார்த்தையில் நின்றது. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு நெசமாவே வாசன வந்துச்சு. நான் சொன்னேன். நீ நம்பல. இந்தக் காயிதம் நம்பிச்சு பாரு."

துளசிங்கம் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திருகி, மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டான். "மாத்திர எத்தினி நாளிக்கி சார்?" என்று கேட்டான்.

சாமுண்டி அன்றைக்கே அவன்கூடக் கிளம்பிப் போய்விடவில்லை. "மூணு மாசம் எங்கம்மா வூட்ல இருந்து சாப்டுறேன். வேணும்னா அவரு வந்து பாக்கட்டும்," என்றாள். அவன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளில் பொழிச்சலூருக்கு வந்தான். மாத்திரையில் வலிப்பு அடங்கியபின், தை மாதம் அவளாகவே கிளம்பிப் போனாள்.

அதன்பிறகு பொழிச்சலூர், பம்மல் பக்கமிருந்து வருகிறவர்கள் எல்லோரும் பஞ்சு போன்ற தலையோடு வர ஆரம்பித்தார்கள். யார் சொன்னது என்று கேட்டால், "கங்கையம்மா சொல்லிச்சு. எண்ணெ இருந்தா அந்தப் பொண்ணே புடிச்சித் தேய்ச்சி வுட்டுடும், தாங்க மாட்டேன்னு," என்பார்கள்.

பைத்தியம் என்று எழுதப்படவிருந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் வலிப்பு என்று டாக்டர் வைத்தீஸ்வரன் கணக்கெடுக்க ஆரம்பித்தது அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான். மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் படங்கள். அத்தனையும் தபீதாள் எடுத்தவை. அவர்களில் பத்தொன்பது பேருக்குச் சீட்டில் பைத்தியம் என்பது வலிப்பு என்று மாறியது. டாக்டர் அதைக் கட்டுரையாக எழுதி ஒரு மாநாட்டில் வாசித்தார். அச்சில் வந்தபோது கடைசிப் பக்கத்தில், படங்களையும் ஓரக் குறிப்புகளையும் தந்தவர் என்று அவள் பெயர் இருந்தது. கடப்பேரி வீட்டில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பதால், வருகிறவர்களுக்கு அந்த ஒரு வரியைச் சாலமோன் விரல் வைத்துக் காட்டுவது வழக்கம்.

1978-ல் டாக்டர் சீமைக்குப் போய்த் திரும்பிவந்து, ஆஸ்பத்திரி ஹாலில் திரை கட்டி ஸ்லைடு போட்டுக் காட்டினார். புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறதாம். மண்டையைத் திறக்காமலே மூளையைக் கத்தரிக்காய் வில்லை மாதிரி ஒவ்வொரு அடுக்காகப் படம் எடுக்கிறதாம். கட்டி இருந்தால் கட்டி தெரியும், ரத்தம் கசிந்தால் கசிவு தெரியும். நர்ஸுகள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். தபீதாள் ஒவ்வொரு ஸ்லைடையும் உன்னிப்பாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"கேள்வி ஏதாவது இருக்கா?" என்றார் டாக்டர்.

அவள் எழுந்தாள். "இதுல மின்சாரம் தெரியுமா சார்? சோறு தீயுற வாசனை வர்ற நேரம்?"

"தெரியாது. உருவம் தெரியும், ஓட்டம் தெரியாது. அதுக்கு உங்க மிஷின்தான்."

அவள் உட்காரப் போனாள். மறுபடியும் எழுந்தாள்.

"இன்னொண்ணு சார். இந்தப் படத்துக்குத் தலையில எண்ணெய் வெச்சுக்கிட்டு வரலாமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "தாராளமா வரலாம். அதுக்கு எண்ணெய் ஒரு பொருட்டே இல்லை."

"அப்படின்னா இந்த மிஷின் வர்றப்ப, முதல்ல பொழிச்சலூருக்குப் போய்க் கங்கையம்மாகிட்ட சொல்லணும்," என்று நோட்டில் குறித்துக்கொண்டாள் தபீதாள்.